பட்டாசலிலிருந்து தார்சாவுக்கு

“வீட்ல யாராவது புகை பிடிப்பாங்களா?”

திருநெல்வேலியில் ஒரு குழந்தைகள் டாக்டர், ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டார். 2019 ஐப்பசி. வெளியே அடைமழை. தம்பி மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாக நெஞ்சுக்குள் விசில் சத்தம், விலாவுக்கடியில் தோல் உள்வாங்கி உள்வாங்கி ஒரு மூச்சு. அந்தச் சின்ன அறைக்குள் பெரியவர்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தோம்: தம்பி, தம்பி மனைவி, அம்மா, நான்.

“இல்லை டாக்டர்” என்றாள் அம்மா.

தம்பி சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தான். நான் என் சட்டைப்பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்; உள்ளே தீப்பெட்டி இருந்தது. தம்பி மனைவி மட்டும் அம்மாவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தையின் தலையைத் தடவினாள். டாக்டர் ஏதோ எழுதினார். குழந்தையின் மூக்கில் முகமூடியை வைத்து நெபுலைசரைப் போட்டார்கள். அந்த மெஷின் ஓடும் பத்து நிமிடமும் எங்களில் ஒருவரும் பேசவில்லை.

புகைதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மழைக்காலம், சளி, வீசிங், எல்லாம் சேர்ந்து வருவதுதான். ஆனால் கேட்ட கேள்விக்கு நாங்கள் பொய் சொன்னோம். அந்தப் பொய்யில் எனக்கு இரண்டு பங்கு.

எங்கள் வீடு முக்கூடல் பக்கம். தாமிரபரணி கூப்பிடு தூரம். கட்டியது தாத்தா என்றுதான் ஊரில் சொல்வார்கள், ஆனால் ஒவ்வொரு செங்கலுக்கும் ஆச்சியின் சொளவு, அதாவது முறம், பதில் சொல்லும். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கமெல்லாம் போனவர்களுக்குத் தெரியும், மத்தியான நேரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நடையில் நாலு பெண்கள் மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். மத்தியப் பிரதேசம், ஒடிசா பக்கத்துக் காட்டிலிருந்து வரும் இலை. கர்நாடகத்து நிப்பாணி, குஜராத் பக்கத்திலிருந்து வரும் புகையிலைத் தூள். ராத்திரியே இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பார்கள். காலையில் தகர அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டுவார்கள். அப்புறம் ஒரு சிட்டிகைத் தூள், ஒரு உருட்டு, ஒரு நூல், வாயை மடக்கி ஒரு அழுத்து. இருபத்தைந்து சுற்றினால் ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் செக்கர் பிரித்துப் பார்த்துச் சரியில்லாததைக் கழித்துவிடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. ஆச்சி சுற்றினாள், அதற்குப்பின் பெரியம்மா முப்பது வருஷம் சுற்றினாள், அம்மாவும் கொஞ்ச காலம். என் பள்ளிக்கூடப் பையில் புகையிலை வாசனை இருந்தது. வகுப்பில் பாதிப் பேர் பையில் அதே வாசனை இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் பெரியப்பாவிடம் போய் “உள்ள பீடி குடிக்காதீங்க” என்று சொன்னால் என்ன சொல்வார்? சொன்னதும் அதைத்தான்: “பீடியில எழும்புன வீட்டுக்குள்ள பீடி குடிக்கக் கூடாதாக்கும்?”

எனக்கு அதற்கு இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

பெரியப்பாவுக்குப் பட்டாசலில் ஒரு சாய்வு நாற்காலி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முன்னால் இருக்கிற தாழ்வாரம் தார்சா. அதைத் தாண்டினால் வருகிற பெரிய கூடம் பட்டாசல். வீட்டின் எல்லாக் கதவுகளும் பட்டாசலில்தான் திறக்கும். அடுக்களைக்குப் போகிறவர்கள், அரங்கு என்கிற உள்ளறைக்குப் போகிறவர்கள், புறவாசலுக்குப் போகிறவர்கள் என எல்லோரும் அந்த நாற்காலியைக் கடந்துதான் போக வேண்டும். பெரியப்பா அரிசி மில்லில் கணக்கெழுதிவிட்டு ஓய்வு பெற்றவர். காலையில் நாற்காலியில் சாய்ந்து முதல் பீடியைப் பற்றவைத்தார் என்றால் வீட்டின் அன்றைய நிர்வாகம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். பால்காரன் கணக்கு, வயல் குத்தகை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது, எல்லாம் அந்தப் புகைக்குள்ளிருந்துதான் வரும்.

நம் ஊர்க் கூட்டுக்குடும்பங்களில் புகைக்கு ஒரு வரிசை உண்டு. மூத்த ஆம்பளை வீட்டுக்குள் உட்கார்ந்து பிடிக்கலாம். அவருக்கு அடுத்தவர் தார்சாவிலோ திண்ணையிலோ, அதுவும் மூத்தவர் தலை தெரிந்தால் முதுகுக்குப் பின்னால் மறைத்துவிட வேண்டும். அதற்கும் கீழே உள்ளவர்கள் தெருமுனைப் பெட்டிக்கடை. அப்பா இருந்தவரை தன் அண்ணன் முன்னால் ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைத்ததில்லை. அதே அப்பா திண்ணையில் ஊதித் தள்ளியதைத் தெருவே பார்த்திருக்கிறது. நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். இருபது வருஷமாக அங்கேதான். ஆக, பட்டாசலில் பீடி குடிப்பது பெரியப்பாவுக்கு ஒரு பழக்கம் என்பதோடு ஒரு பதவியும்கூட. அவரை வெளியே போகச் சொல்வது என்றால் ஒரு படி கீழே இறங்கச் சொல்வது.

சரி, இத்தனை வருஷம் இல்லாத சண்டை அப்போது மட்டும் ஏன் வந்தது? காலம் மாறிவிட்டது, படித்த பெண்கள் மருமகளாக வந்துவிட்டார்கள் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மீதிப் பாதிக் காரணம் ஒரு ஃபைபர் ஷீட்.

பட்டாசலை ஒட்டி ஒரு முற்றம் இருந்தது. வானம் தெரியும், மழை பெய்தால் நடுவீட்டில் தண்ணீர் விழும். பெரியப்பாவின் புகை நாற்காலியிலிருந்து கிளம்பி, உத்தரத்தைத் தடவி, முற்றத்து வழியாக மேலே போய்விடும். சின்ன வயதில் வெயில் விழும் நேரத்தில் அது நீலமாக ஏறுவதை நாங்கள் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறோம். 2017-இல் குரங்குத் தொல்லை தாங்காமல் முற்றத்துக்குக் கம்பி போட்டோம். கம்பிக்கு மேல் மழைக்காக ஷீட் போட்டோம். அப்புறம் தம்பி கல்யாணத்தை ஒட்டி ஒரு அறைக்கு ஏசி வைத்து, அந்தப் பக்கத்து ஜன்னலையும் அடைத்தோம். வீடு பளிச்சென்று ஆனது. புகைக்குப் போக வழி இல்லாமல் போனது. அதே மனிதர், அதே பீடி, அதே நாற்காலி. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டாசல் விளக்கைப் போட்டால் டியூப்லைட்டைச் சுற்றி ஒரு படலம் நிற்கும். கட்டினவர்கள் ஏதோ தெரிந்துதான் முற்றம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் தெரியாமல் அடைத்தோம்.

பீடியில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஒரு சிகரெட்டில் இருக்கிற புகையிலையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான் ஒரு பீடியில். அதனால் பீடி சாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ஆனால் அந்த இலை காற்றை உள்ளே விடாது. விடாமல் இழுத்துக்கொண்டே இருக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாக இழுக்க வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்ததில்லை. சுற்றுகிற ஊரில் பிறந்த எனக்கே இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

டாக்டரிடம் போய்வந்த பிறகு நாங்கள் அரைகுறை வேலைகள் நிறைய செய்தோம். நேராகச் சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் செய்கிற வேலைகள். தம்பி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி வந்து மாட்டினான். பெரியப்பாவின் நாற்காலியை “வெளிச்சம் நல்லா இருக்கும்” என்று சொல்லி ஜன்னலோரம் நகர்த்தினோம். அம்மா சாயங்காலம் சாயங்காலம் சாம்பிராணி போட்டாள், புகைக்கு மேல் புகை. குழந்தையை அரங்குக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம். கதவுக்கு அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தோம். இதில் எதுவும் உருப்படவில்லை. காலையில் அரங்குக் கதவைத் திறந்தால் உள்ளேயும் அதே வாடை.

ஏன் என்று தேடிப் படித்தேன். புகையின் துகள் அவ்வளவு சின்னது. தரையில் படியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அடுத்த அறைக்குப் போகும். இழுத்து விடுகிற புகையைவிட, விரலிடுக்கில் சும்மா கனன்றுகொண்டிருக்கும் நுனியிலிருந்து வருவதுதான் அறையை அதிகம் நிரப்புகிறது. 2006-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை ஒன்று பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது: அடுத்தவர் புகையில் ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று ஓர் அளவு கிடையாது, ஒரே கட்டடத்துக்குள் தனி அறை, ஜன்னல், காற்றாடி எதுவும் முழுசாகக் காப்பாற்றாது. நாங்கள் ரூபாய் செலவழித்து வாங்கிய எக்ஸாஸ்ட் ஃபேனைப் பற்றி பதிமூன்று வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள்.

அந்த ராத்திரி படித்தவற்றில் ஒன்று மனசை விட்டுப் போகவில்லை. ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர், புகை பிடிக்காத, நாற்பது வயதுக்கு மேற்பட்ட மனைவிகள் 91,540 பேரை 1966 முதல் 1979 வரை பின்தொடர்ந்திருக்கிறார். புருஷன் எவ்வளவு அதிகம் பிடிக்கிறானோ, பெண்டாட்டிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அவ்வளவு அதிகம் என்று 1981-இல் வெளியிட்டார். சிகரெட் கம்பெனிகள் அவர்மேல் பாய்ந்தன. அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் அவர் பக்கம்தான் நின்றன. நான் பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் சுற்றுகிறபோது தூளாக உள்ளே போனது, நாற்பத்தைந்து வருஷம் புகையாக உள்ளே போனது. அவள் ராத்திரி இருமுவதை நாங்கள் கடிகாரச் சத்தம் மாதிரிதான் கேட்டு வளர்ந்தோம். குழந்தை இருமியதும் வீடே எழுந்து உட்கார்ந்தது. பெரியம்மாவுக்காக யாரும் ஒரு ஜன்னலைக்கூடத் திறந்ததில்லை.

தீபாவளிக்குத் தம்பி மனைவி தென்காசியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். கார்த்திகை வந்தது, வரவில்லை. அம்மாவுக்கு உடம்புக்குச் சரியில்லை என்று காரணம். அவள் அம்மா கல்லுமாதிரி இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்தான், பெரியப்பா முன்னால் அவள் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் “நேத்து வந்தவ” என்று முடித்திருப்பார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே இருந்தாள், அவ்வளவுதான்.

பேச்சை ஆரம்பித்தது பெரியம்மா. ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, வெற்றிலையை மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “பிள்ளை ஒங்க பொகைக்குத்தான் வரல. எல்லாவனுக்கும் தெரியும். ஒருத்தனும் சொல்ல மாட்டான்.”

பட்டாசல் அமைதியாகிவிட்டது. எரிகிற பீடியை என்ன செய்வது என்று தெரியாமல் பெரியப்பா வைத்திருந்தார்.

தம்பி அவசரப்பட்டுவிட்டான். போனை எடுத்துச் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தான். 2003 புகையிலைச் சட்டம், 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். முப்பது அறையோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல், விமான நிலையம் போன்ற இடங்களில் மட்டும் புகைக்கத் தனி அறை வைக்கலாம்; அதற்கும் நாலு பக்கமும் கூரை வரை சுவர், தானே மூடிக்கொள்ளும் கதவு, காற்றை நேராக வெளியே தள்ளுகிற ஏற்பாடு வேண்டும்.

“நான் என்னல ஏரோட்ராமா நடத்துதேன்?” என்றார் பெரியப்பா.

பெரியம்மாவே சிரித்துவிட்டாள். சட்டம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது என்பது அவருக்கும் தெரியும். உள்ளே நாமே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெரியவர்களுக்கான உலக அளவிலான புகையிலை ஆய்வை இந்தியாவிலும் நடத்தியிருக்கிறார்கள். 2009-10-இல் வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசிக்க நேர்ந்தவர்கள் நூற்றுக்கு 52.3 பேர், 2016-17-இல் 38.7 பேர். அந்தக் குறைந்த பதிமூன்று சொச்சத்துக்குள் எத்தனை பட்டாசல்களில் எத்தனை ராத்திரி இந்த மாதிரி ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நாட்டில் பாதி வீடுகளில் இதைத்தான் வாதாடியிருக்கிறார்கள், ஆனால் ஒருத்தரும் அடுத்தவரிடம் சொல்லிக்கொள்வதில்லை.

அப்போதுதான் பெரியப்பா கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். “இது என்னது?”

கொசுவர்த்தி. பச்சைச் சுருள், பீங்கான் தட்டில், பாதி எரிந்து நின்றது. குழந்தை இருந்தபோதும் அதே இடத்தில்தான் ஏற்றி வைப்போம்.

“இது என்ன பன்னீரா? இதுல வாரது பொகை, எனக்கு வாரது விஷமாக்கும்?”

தம்பி வாயடைத்துப் போனான். நான் அவர் விதண்டாவாதம் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு தேடியபோது தூக்கம் போய்விட்டது. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுசாக எரிந்தால் வெளியே வருகிற நுண்துகளின் அளவு, 75 முதல் 137 சிகரெட்டிலிருந்து வருகிற நுண்துகளுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டிருக்கிறது. நுண்துகளில் மட்டும்தான் அந்தச் சமம். புகையிலையில் இருக்கிற மற்ற சாமான்கள் வேறு. ஆனாலும் பெரியப்பா சுட்டிய விரல் சரியான இடத்தில்தான் நின்றது. நாங்கள் பிள்ளையின் கட்டிலுக்கு அடியில் ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு அவரிடம் சட்டம் படித்திருக்கிறோம்.

மறுநாள் காலை அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, தோற்றுப்போன கேஸில் அப்பீல் கிடைத்தவர் மாதிரி.

“அப்போ நான் பரவாயில்லையோ?”

“இல்ல பெரியப்பா. ரெண்டும் வேண்டாம். சாம்பிராணியும் வேண்டாம்.”

“சாம்பிராணியுமா? ஒங்க அம்மைட்ட நீ சொல்லுதியா?”

அவர் கேட்டது நியாயம்தான். அம்மாவிடம் வெள்ளிக்கிழமை சாம்பிராணியைப் பற்றிப் பேசுவது பெரியப்பாவிடம் பீடியைப் பற்றிப் பேசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் புறவாசல் துளசி மாடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றாள். ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்தோம். சுருள் போனது. சாம்பிராணி போனது. ஊதுபத்திக்கு மட்டும் பெரியம்மா ஒரு விதிவிலக்கு வாங்கிக்கொண்டாள், பூஜை அறையில் ஒன்றே ஒன்று. கூட்டுக்குடும்பத்தில் விதிவிலக்கு இல்லாத விதி நிற்காது.

பட்டாசலில் எந்தப் புகையும் இல்லை என்று ஆனதும் பெரியப்பா நாற்காலியைத் தூக்கச் சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை. அவராகவே, “அதைத் தார்சாவுல போடு” என்றார். தம்பியும் நானும் தூக்கிக்கொண்டு போனோம், அவர் பின்னாலேயே பவுடர் டப்பா மூடியைச் சாம்பல் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்தார். அவரை மட்டும் தனியாக நிறுத்திக் குற்றம் சொன்னவரை ஓர் அங்குலம் நகராதவர், கொசுவர்த்தியையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றியதும் நகர்ந்தார். எனக்கு அது இன்னமும் ஆச்சரியம்.

முதல் வாரம் அவ்வளவு சுலபமாக இல்லை. தார்சாவைப் பார்த்து ஒரு ஜன்னல் பட்டாசலில் உண்டு. நாற்காலியை அதற்கு நேர் கீழே போட்டிருந்தோம். புகை வெளியே போய் ஜன்னல் வழியாகத் திரும்பி வந்தது. நாற்காலியைக் கிழக்குக் கோடிக்குத் தள்ளினோம். அங்கே மழைச்சாரல் அடித்தது. தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று கட்டினோம். விளக்கு இல்லை என்றார், போட்டோம். ஃபேன் இல்லை என்றார், போட்டோம். இதில் நான் ரொம்பப் பிடிவாதமாக இருந்தேன். என்ன கேட்டாலும் செய்துகொடுத்துவிட வேண்டும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். வெளியே போ என்று சொல்கிறவன், வெளியே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? ரேடியோ போனது, செய்தித்தாள் போனது, பதினோரு மணிக் காப்பி அங்கேயே போனது. பால் கணக்கும் குத்தகைப் பேச்சும் தார்சாவுக்கு மாறின. தெருவில் போகிறவர்களும் இப்போது ஏறி உட்கார ஆரம்பித்தார்கள். முன்னைவிடக் கூட்டம் அதிகம்.

ஆனால் விடியற்காலைதான் அவருக்கு நரகம். நிகோடின் உடம்பில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தால் கொஞ்சம்தான் மிச்சமிருக்கும். நாலு மணிக்கு முழிப்பு வரும், படுக்கையில் இருந்தபடியே பற்றவைத்த கை அது. இப்போது எழுந்து, இருட்டில் செருப்பைத் தேடி, பெரிய கதவின் தாழ்ப்பாளை இழுக்க வேண்டும். அந்தத் தாழ்ப்பாள் போடுகிற சத்தத்தில் தெருநாய் குரைக்கும். மார்கழியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதை ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பீடி நுனி மட்டும் தெரிந்தது. எழுபத்தி நாலு வயது மனிதரைப் பனியில் உட்கார வைத்துவிட்டோமே என்று இருந்தது. அரங்குக்குள் பாப்பா மூச்சு விடுகிற சத்தமும் கேட்டது, சீராக. தம்பி மனைவி திரும்பி வந்து அப்போது பத்து நாள் ஆகியிருந்தது.

பீடி குறைந்தது. யாரும் குறைக்கச் சொல்லவில்லை. எழுந்து போக வேண்டுமே என்ற சோம்பலில் பாதி குறைந்துவிட்டது. பீடிக்கட்டின்மேல் அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற எண்ணைக் காட்டி, கூப்பிட்டால் விடுவதற்கு வழி சொல்வார்கள் என்றேன். “இந்த நம்பரைப் படிக்க எனக்குக் கண்ணாடி வேணும், கண்ணாடி உள்ள இருக்கு” என்றார். 2020-இல் ஊரடங்கு வந்து பீடிக் கம்பெனிகளெல்லாம் மூடிக் கிடந்தபோது இரண்டு வாரம் கைவசம் இருந்ததை எண்ணி எண்ணிக் குடித்தார். விட்டுவிடுவார் என்று நினைத்தோம். விடவில்லை. பெரியம்மா தன் பழைய சொளவை எடுத்து, எங்கிருந்தோ இலையும் தூளும் வாங்கி, அவருக்குச் சுற்றிக் கொடுத்தாள். புகைக்கு எதிராக முதலில் வாய் திறந்த அதே பெரியம்மா! கேட்டதற்கு, “வெளியதான குடிக்காரு” என்றாள்.

பாப்பாவுக்கு வீசிங் குறைந்தது. வயது ஏற ஏறவும் குறையும் என்று டாக்டர் சொன்னார், அதனால் எதற்கு எவ்வளவு பங்கு என்று நான் பிரிக்கப் போவதில்லை. அடுத்த தடவை டாக்டர் அதே கேள்வியைக் கேட்டபோது தம்பி மனைவியே பதில் சொன்னாள்: “இருக்காங்க. வெளியே.” அம்மா தரையைப் பார்த்தாள்.

போன தை மாதம் வெள்ளையடித்தோம். நாற்காலி இருந்த இடத்துக்குப் பின்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மஞ்சள் படிவு. பெயிண்டர் சுரண்டினார், பட்டி பார்த்தார், பிரைமர் அடித்தார். மறுநாள் காலையில் மஞ்சள் ஊறி வெளியே வந்து நின்றது. “சமையக்கட்டுக் கரியா அண்ணாச்சி?” என்றார். பீடி என்றதும் விரலால் தடவி மோந்து பார்த்தார். சுவரில் படிகிற நிகோடின் அங்கேயே சும்மா இருப்பதில்லை, வீட்டுக் காற்றில் இருக்கிற நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேறு பொருட்களாக மாறுகிறது என்று 2010-இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் அதைப் பெயிண்டரிடம் சொல்லவில்லை. எண்ணெய் பிரைமர் இரண்டு கோட்டு அடித்த பிறகுதான் அடங்கியது. அதற்குத் தனியாகக் காசு வாங்கினார்.

அன்றைக்குச் சாயங்காலம் பெயிண்ட் வாடை தாங்காமல் தார்சாவுக்கு வந்தேன். பெரியப்பா நாற்காலியில். மழை வருகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“ஏலே, நீ மாடியில தொட்டிக்கு அந்தப் பக்கம் உக்காருதியா, இந்தப் பக்கமா?”

எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. இருபத்து சொச்சம் வருஷம். இவருக்குத் தெரியும்.

“அந்தப் பக்கம் பெரியப்பா.”

“அங்கன வெயிலு அடிக்குமேல.” நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சியைக் காலால் கொஞ்சம் தள்ளிவிட்டார். “எதுக்கு ஏறி எறங்கணும். இங்கன இருந்து குடி.” தீப்பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

உட்கார்ந்தேன். சட்டைப்பையில் பாக்கெட் இருந்தது. கை அங்கே போனது, திரும்பி வந்தது. மறுபடி போனது. அப்பா இதே திண்ணையில் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நின்றது ஞாபகம் வந்தது. பெரியப்பா ஒரு பீடியை முழுசாகக் குடித்து முடித்து, நுனியைப் பவுடர் டப்பா மூடியில் நசுக்கினார். நான் தீப்பெட்டியை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

“வெக்கமாக்கும்?” என்றார்.

“ஆமா” என்றேன். தூறல் விழ ஆரம்பித்தது. உள்ளே போய் மாடிப்படி ஏறினேன், தொட்டிக்கு அந்தப் பக்கம்.